பிளேர் மலையை விட்டுவிட்டீர்களே

1920களில் நடக்கும் பல்ப் சாகச (அந்தக் கால மலிவுப் பத்திரிகைக் கதை பாணி) ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டத்துக்கு, களம் எது என்ற உங்கள் பதிவில் பாழடைந்த கோயிலையும் புதையல் தீவையும் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களை விட்டதில் எனக்கு ரொம்ப ஆதங்கம். 1920 மே மாதம் மேட்வான் ஊரில் சங்கத்தில் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்களை வீட்டைவிட்டுத் துரத்த வந்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் (முதலாளிகள் அமர்த்திய தனியார் துப்பறியும் நிறுவனம்) ஆட்களை எதிர்த்து நின்றவர் அந்த ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1, மனைவியோடு நீதிமன்றப் படியேறும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதக் கடைசியில் கொதித்துப்போன சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 10,000 பேர், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டையோடு அங்கே இருக்கும் பிளேர் மலைக்குக் கிளம்பினார்கள், மேலே முதலாளிகள் பக்கம் நின்ற ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) டான் சேஃபினின் ஆட்கள் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருக்க, தனியார் விமானங்கள் வேறு குண்டு போட்டன. இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் களத்தில் விளையாட்டை நான் நடத்தினால் முதல் காட்சி கம்பெனிக் கடையில்தான். கூலியாகக் கிடைத்தது கம்பெனி அடித்த டோக்கன், வெளியே செல்லாது. கையில் இருப்பதற்கு மாவு வாங்குவதா, தோட்டா வாங்குவதா? அப்புறம் ஒன்று, சுரங்கத்துக்கு அடியில் ஒரு பூதத்தை வைத்து எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடாதீர்கள், குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது முதலாளிகள், கதையிலும் அவர்களே வில்லனாக இருக்கட்டும்.