5எக்ஸ் பட்டனை அழுத்தினா 5எக்ஸ் லென்ஸ்தான் வரணும்!

மறுபடியும் அதே கதை. ஆண்டு விழா, கடைசி வரிசை, மேடையில குழந்தை ஆடுது. ஃபோன் கேமராவுல அஞ்சு மடங்கு கிட்டக் காட்டற 5எக்ஸ் பட்டனைத் தட்டி எடுத்தா முகத்துல கண்ணு மூக்கே இல்ல, வெறும் பூச்சு. பக்கத்துல இருக்கறவர் உடனே “கை ஆடிடுச்சு”ன்னு தீர்ப்பு சொல்லிடுவாரு. கை ஆடலைங்க. காசு கொட்டி வாங்கின அந்தப் பெரிஸ்கோப் லென்ஸ், அதான் தூரத்துல இருக்கறதை எடுக்கற 5எக்ஸ் லென்ஸ், வேலையே செய்யல!

அந்த ஒரு நொடியில உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. விரல் 5எக்ஸ்ல படுது. ஃபோன் வெளிச்சத்தை அளக்குது. கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா கணக்கையே எடுத்துக்குவோம்: மெயின் லென்ஸ் எஃப்/1.7, 5எக்ஸ் லென்ஸ் எஃப்/3.4. இந்த எஃப் எண் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் குறையும். படத்தைப் பதியற சென்சார்ல அதே அளவு இடத்துல விழற வெளிச்சம் நாலுல ஒரு பங்குதான். குவியத் தூரம் (லென்ஸ் எவ்வளவு கிட்டக் காட்டும்ங்கற அளவு) 111 மி.மீ.ங்கறதால கொஞ்சம் நடுங்கினாலும் பெருசாத் தெரியும். இது தேறாதுன்னு ஃபோனே முடிவு கட்டிடுது. பெரிஸ்கோப்பை விட்டுட்டு மெயின் கேமராவுக்குத் தாவுது. அதுல நடுப்பகுதியை மட்டும் வெட்டுது: நீளத்துல அஞ்சுல ஒண்ணு, அகலத்துல அஞ்சுல ஒண்ணு, ஆக மொத்தம் 25ல ஒரு பங்கு. 200 மெகாபிக்சல் இருக்கேன்னு சொல்லாதீங்க. இருட்டுல 16 பிக்சலை ஒண்ணாச் சேர்த்தா 12 மெகாபிக்சல். அதுல 25ல ஒரு பங்குன்னா அரை மெகாபிக்சல்கூடத் தேறாது. அதை இழுத்துப் பெருசாக்கி, மெருகேத்தி, கேலரில போட்டுடுது. இவ்வளவு நடந்தும் திரையில 5எக்ஸ்னுதான் இருக்கு. லென்ஸை மாத்தினதுகூடப் பரவாயில்ல. சொல்லாம மாத்தறாங்க பாருங்க, அதான் வயிறு எரியுது.

இருட்டுல மட்டுமில்ல. மாத்திரை அட்டையில இருக்கற பொடி எழுத்தைக் கிட்ட வெச்சு 5எக்ஸ்ல எடுங்க, அப்பவும் இதே வேலைதான். அவ்வளவு பக்கத்துல பெரிஸ்கோப்புக்கு ஃபோகஸ் ஆகாது.

வெளிச்சம் ஏன் குறையுதுன்னா, ஃபோன் தடிமன் 8 மி.மீ. சொச்சம்தான். அதனால ப்ரிசம் வெச்சு ஒளியை 90 டிகிரி திருப்பி, லென்ஸைப் படுக்கப் போட்டிருக்காங்க. சென்சார் செங்குத்தா நிக்குது. லென்ஸோட விட்டமும் சென்சாரோட உயரமும் அந்தத் தடிமனுக்குள்ள அடங்கணும். ஐஃபோன் 15 ப்ரோ மேக்ஸ்ல ஒளியை நாலு தடவை மடக்கி 120 மி.மீ., எஃப்/2.8 கொண்டுவந்தாங்க, நல்ல வேலைதான். ஆனா இருட்டுல அதுவும் மெயினுக்கு ஓடத்தான் செய்யுது.

இதுல ‘ஆப்டிகல் ஜூம்’னு பேர் வேற. எங்கய்யா ஜூம்? லென்ஸ் நகர்ந்து குவியத் தூரம் மாறினாத்தானே ஜூம்! 2019ல வந்த ஹுவாவே பி30 ப்ரோவுல இருந்து பெரும்பாலும் ஒரே குவியத் தூரம்தான். 4.9எக்ஸ் வரைக்கும் வேற கேமராவோட வெட்டு, 5ல ஒரு தாவல், அதுக்கு மேல மறுபடியும் வெட்டு. 2002லயே மினோல்டா டிமாஜ் எக்ஸ்னு 20 மி.மீ. தடிமன்ல ஒரு கேமரா. அதுலயும் ப்ரிசம்தான். ஆனா லென்ஸ் கண்ணாடிகள் உள்ளுக்குள்ளயே நிஜமா நகர்ந்து 37ல இருந்து 111 மி.மீ. வரைக்கும் போகும், வெளிய எதுவும் நீட்டாது. ஃபோன்ல அப்படி நகர்த்திக் காட்டினதுல ஒண்ணு 2022ல வந்த சோனி எக்ஸ்பீரியா 1 IV. அதுவும் 85ல இருந்து 125 வரைக்கும்தான்.

உங்க ஃபோனைச் சோதிச்சுப் பாருங்க. 5எக்ஸ் போட்டு, பின்னாடி பெரும்பாலும் சதுர ஓட்டை மாதிரி தெரியற அந்தப் பெரிஸ்கோப் லென்ஸை மட்டும் விரலால மூடுங்க. திரை கறுத்தா நிஜம். படம் அப்படியே தெரிஞ்சா வெட்டு. எடுத்து முடிச்ச படம்னா விவரத்துல எஃப் எண்ணைப் பாருங்க. 2.8, 3.4னு இருந்தா பெரிஸ்கோப், 1.7, 1.8னு இருந்தா மெயின். கேமரா ஆப்ல எல்லாத்தையும் நாமளே அமைச்சுக்கற ப்ரோ மோட்ல டெலி லென்ஸை, அதான் அந்த 5எக்ஸ் லென்ஸைத், தேர்வு பண்ண வழி இருந்தா அதுல எடுங்க, பெரும்பாலும் தாவாது. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கற அளவு, ஏறும், புள்ளி புள்ளியா வரும். வரட்டுமே! நிஜமான கண்ணு மூக்காவது இருக்கும்.

மூலையில ஒரு சின்ன ஐகான் போட்டு ‘இப்ப மெயின் கேமரா’ன்னு காட்ட எவ்வளவு செலவாயிடும்? அதைச் செய்ய மாட்டாங்க. ஆனா நம்ம புள்ள படத்துக்குக் கீழ, நம்மளைக் கேக்காமலே ஃபோன் பேரை வாட்டர்மார்க்கா அடிச்சு வெப்பாங்க சில கம்பெனிக்காரங்க. செட்டிங்ஸ்ல போய் முதல்ல அதை அணைங்க!