ராத்திரி படுக்கத்தானே என்று ரூம் போடாதீர்கள்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் டிஸ்னி வேர்ல்ட் போகலாம் என்று பேச்சை எடுத்த உடனேயே நம் வீடுகளில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ராத்திரி படுக்கத்தானே போறோம், ரூமுக்கு எதுக்கு அவ்வளவு காசு?" அப்புறம் பக்கத்து ஊரான கிஸ்ஸிமி பக்கம் 192ஆம் எண் நெடுஞ்சாலையில் இருப்பதிலேயே மலிவாக ஒரு ஹோட்டலைப் பிடிப்பார்கள். இந்த வாதத்தை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. ஆர்லாண்டோவில் ரூமின் அருமை தெரிவது மத்தியானத்தில்தான்.

நம்மில் பெரும்பாலோர் போவது பள்ளி விடுமுறையில், ஜூனிலிருந்து ஆகஸ்ட்டுக்குள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அப்போது அங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து ஆளை அடிக்கும், பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும், மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். "நாங்க மெட்ராஸ் வெயிலையே பார்த்தவங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள், சரிதான், ஆனால் மெட்ராஸில் கத்திரி வெயிலில் நடுமத்தியானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் யாரும் நடப்பதில்லை. இங்கே நடக்க வேண்டும். நான் சொல்லும் முறை இதுதான்: காலையில் பார்க் கதவு திறக்கும்போது உள்ளே போய், பன்னிரண்டு ஒரு மணிக்கு ரூமுக்குத் திரும்பி, சாப்பிட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் இரண்டு மணி நேரம் படுக்க வைத்து, ஐந்து மணிக்கு மேல் மறுபடி போய் வாணவேடிக்கை பார்த்துவிட்டு வருவது. எழுபது வயதுக்காரரும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே பயணத்தில் இருந்தால் இதைத் தவிர வேறு வழியில் அந்த நாள் உருப்படியாகப் போகாது. ஆக, ரூம் போடும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மத்தியானம் இந்த ரூமுக்குத் திரும்பி வந்து, மறுபடி போக முடியுமா?

இதற்கு ஃப்ளோரிடாவில் ஏன் பதில் கடினமாக இருக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1955இல் கலிஃபோர்னியாவில் அனஹெய்ம் ஊரில் வால்ட் டிஸ்னி முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது அவரிடம் இருந்தது ஏறக்குறைய 160 ஏக்கர். ஹோட்டல் கட்டக் கையில் பணம் இல்லை. டிஸ்னிலேண்ட் ஹோட்டலையே ஜாக் ராதர் என்ற வேறொருவர்தான் கட்டினார், அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்ததே 1988இல்தான். வாசலுக்கு எதிரே மோட்டல்கள் வரிசையாக முளைத்தன, வந்தவர்களின் காசில் பெரும்பங்கு அந்த மோட்டல்காரர்களுக்குப் போனது. அது வால்ட்டுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் அறுபதுகளில் ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் ஏறக்குறைய 27,000 ஏக்கர் வாங்கினார்கள். 1971இல் டிஸ்னி வேர்ல்டின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் திறந்தபோது, வெளியாரின் ஹோட்டல் எதுவும் வாசலை ஒட்டி வர முடியாதபடி நிலமெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. நீங்கள் வெளியே தங்கினால் படும் தூரம் தற்செயலாக அமைந்ததல்ல, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது.

மேஜிக் கிங்டத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து காரில் போனால் பார்க் வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெரிய பார்க்கிங்கில் நிறுத்தி, பாதுகாப்புச் சோதனை முடித்து, அப்புறம் மோனோரயிலோ ஃபெர்ரி படகோ பிடித்து அக்கரை போக வேண்டும். காரை நிறுத்தியதிலிருந்து உள்ளே காலெடுத்து வைக்க முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். இதை ஒரே நாளில் இரண்டு முறை போய்வர எந்தத் தாத்தா பாட்டிக்கும் தெம்பு இருக்காது. அதனால் என்ன நடக்கும் என்றால், மத்தியானம் திரும்புவதே இல்லை. பிள்ளை ஸ்ட்ரோலரிலேயே அழுது அழுது தூங்கும், பெரியவர்கள் ஏதாவது ஏசி கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"எங்க ஹோட்டல்ல ஃப்ரீ ஷட்டில் இருக்கு" என்பார்கள். அந்த ஷட்டிலை நம்பி வெளியே தங்கியிருந்தபோது எங்களுக்கு நடந்தது இது. காலையில் இரண்டே இரண்டு வண்டி, திரும்ப ராத்திரி ஒன்று, நடுவில் ஒன்றும் கிடையாது. மூட்டு வலியுள்ள என் மாமியார் மழையில் நனைந்த புடவையோடு, மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை, "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, நீங்க போய்ப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊபர் பிடிக்கலாம் என்றால் முதலில் படகிலோ மோனோரயிலிலோ ஏரியைக் கடந்து போக வேண்டும். அந்த ஹோட்டலில் மிச்சமான தொகையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, அப்படியானால் உள்ளேயே போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேயும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. டிஸ்னியின் சொந்த ஹோட்டல் என்றால் எல்லாமே பக்கத்தில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காண்டெம்பரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போகலாம், ஆனால் ஒரு ராத்திரிக்கு 500 டாலருக்குக் கீழே அங்கே ரூம் கிடைப்பது அரிது. ஆல் ஸ்டார் ஹோட்டல்களும் "உள்ளே"தான், விலையும் குறைவுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் பஸ், அந்த பஸ்ஸில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும். குறைந்த விலைப் பிரிவில் எனக்குப் பிடித்தவை பாப் செஞ்சுரியும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும். காரணம் ஸ்கைலைனர். 2019இல் வந்த இந்தக் கம்பிவழி வண்டி, இந்த இரண்டு ஹோட்டல்களிலிருந்தும் எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற டிஸ்னியின் வேறு இரண்டு பார்க்குகளுக்குப் போகிறது, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரோலரை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். மின்னல் நேரத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பது ஒன்றுதான் குறை, அப்போது பஸ்தான். மேஜிக் கிங்டம் போகும் நாளில் இங்கிருந்தும் பஸ்தான், ஆனால் அது நேராக பார்க் வாசலிலேயே இறக்கிவிடும், ஏரியைக் கடக்கும் வேலை இல்லை.

உள்ளே தங்குவதால் கிடைக்கும் இன்னும் சிலவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லாப் பார்க்கிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கூட்டம் சேரும் முன் வரும் அந்த அரை மணியில் பெரிய ரைடு ஒன்றை முடித்துவிட்டால் பிறகு ஒன்றரை மணி நேர வரிசை மிச்சம். வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேனை, காசு கொடுத்து வாங்குவதுதான் என்றாலும், உள்ளே தங்குபவர்கள் ஏழு நாள் முன்பே பதிவு செய்யலாம், மற்றவர்கள் மூன்று நாள் முன்புதான். வெளியே தங்கி நாம் பதிவு செய்யப் போகும்போது நல்ல நேரமெல்லாம் போயிருக்கும். பார்க்கில் கார் நிறுத்த உள்ளே தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது டாலருக்குக் குறையாது. விமான நிலையத்திலிருந்து இலவசமாக அழைத்துப் போகும் பஸ் மட்டும் 2022 தொடக்கத்தோடு நின்றுபோனது, பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதை எதிர்பார்க்காதீர்கள்.

வெளி ஹோட்டலின் விலையை ஒப்பிடும்போது பட்டியலில் கண்ணில் படும் எண்ணோடு நிறுத்தாதீர்கள். ரிசார்ட் ஃபீ என்று ஒரு ராத்திரிக்கு ஒரு தொகை, ஹோட்டல் பார்க்கிங்குக்குத் தனி, பார்க்கில் பார்க்கிங்குக்குத் தனி, வரி மேலே. கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விதி வந்திருப்பது நல்ல விஷயம், ஆனாலும் வரியும் பார்க்கிங்கும் அதற்குள் வராமல் இருக்கலாம். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் ரிசார்ட் ஃபீ இல்லை, 2023இலிருந்து ராத்திரி பார்க்கிங்கும் இலவசம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நூறு டாலர் வித்தியாசம் முப்பது நாற்பதாகச் சுருங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

வேறு பார்க்குகளுக்குக் கணக்கே வேறு. அனஹெய்மில் நான் தயங்காமல் வெளியேதான் தங்கச் சொல்வேன். அந்த மோட்டல் வரிசை இன்றும் ஹார்பர் புலவார்டில் இருக்கிறது, அங்கே சில ஹோட்டல்களிலிருந்து ரோட்டைக் கடந்தால் பார்க் வாசல், டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள் சிலவற்றைவிடப் பக்கம். டிஸ்னியின் கிராண்ட் கலிஃபோர்னியன் ஹோட்டலுக்குப் பார்க்குக்குள் தனி வாசலே இருக்கிறது, உண்மைதான், ஆனால் அந்த விலைக்கு ரோட்டுக்கு எதிரே இரண்டு மூன்று ராத்திரி தங்கிவிடலாம். ஆர்லாண்டோவிலேயே டிஸ்னிக்குப் போட்டியாக இருக்கும் யூனிவர்சல் ஆர்லாண்டோவிலோ நேர் எதிர். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய அவர்களுடைய மூன்று ஹோட்டல்களில் ஒன்றில் தங்கினால் ரூமில் இருக்கும் எல்லோருக்கும், வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் இரண்டு பழைய பார்க்குகளுக்கு சேர்ந்தே வருகிறது, வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் சேர்த்து. அந்தப் பாஸைத் தனியாக வாங்கினால் கூட்ட நாட்களில் ஆளுக்கு நூறு டாலரை எளிதாகத் தாண்டும். நாலு பேர் குடும்பம் ஒரே ராத்திரி தங்கி இரண்டு நாள் ரைடு போனால் ரூம் ஏறக்குறைய இலவசம் மாதிரி. 2025 மேயில் திறந்த எபிக் யூனிவர்ஸுக்கு மட்டும் அந்தப் பாஸ் செல்லாது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், வெளியே வீடு எடுப்பதன் அருமையை நான் மறுக்கவே மாட்டேன். ஹோட்டல் இல்லை, வீடு. கிஸ்ஸிமி, டாவன்போர்ட் பக்கம் நாலு படுக்கையறை, முழுச் சமையலறை, பின்னால் நீச்சல் குளம், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் இருக்கும் வாடகை வீடுகள் ஏராளம். எட்டுப் பேர் போனால் டிஸ்னியின் மலிவு ஹோட்டலில் நாலு பேருக்கு ஒன்று என்று இரண்டு ரூம் போட வேண்டும், அந்தக் காசுக்கு இங்கே ஒரு வீடே கிடைக்கும். நம் ஆட்களுக்குச் சாப்பாடு ஒரு பெரிய விஷயம், அதைச் சின்ன விஷயமாகப் பேசுபவர்கள் சர்க்கரை நோயுள்ள அப்பாவை ஐந்து நாள் பீட்சாவும் ஃப்ரைஸுமாக வைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் குக்கர் வைத்து ஒரு ரசம் சாதம் போட்டால் எல்லோர் முகமும் மாறிவிடும். காலையில் புளியோதரையும் தயிர் சாதமும் டப்பாவில் கட்டி எடுத்துப் போகலாம், கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல், சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாடு என்றால் டிஸ்னி பார்க்குகளுக்குள் தாராளமாக அனுமதிக்கிறார்கள். இது பலருக்குத் தெரியவில்லை, சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து வெறுங்கையோடு போகிறார்கள்.

வீட்டின் குறை அந்த மத்தியானம்தான். பார்க்கிலிருந்து ஐ-4 நெடுஞ்சாலை நெரிசலில் டாவன்போர்ட்டுக்குத் திரும்பிப் போவதற்குள் தூங்க வேண்டிய நேரம் போய்விடும்.

இளம் ஜோடிகள், கல்லூரிப் பிள்ளைகள், காலை முதல் ராத்திரி வரை நிற்காமல் சுற்றக்கூடியவர்கள் எங்கே வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளலாம், அவர்களுக்கு இந்தப் பதிவு தேவையே இல்லை. பெரியவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு நான் சொல்வது பயணத்தை இரண்டாகப் பிரிப்பது. பார்க் நாட்களை எல்லாம் முதலில் அடுத்தடுத்து வைத்து, அந்த ராத்திரிகளுக்கு மட்டும் பாப் செஞ்சுரி மாதிரி ஓர் இடத்தில் உள்ளே தங்குங்கள். பிறகு வெளியே வீட்டுக்கு மாறி இரண்டு மூன்று நாள் சமைத்துச் சாப்பிட்டு, குளத்தில் பிள்ளைகளை விட்டு, பெரியவர்களை நிம்மதியாக இருக்க விடுங்கள். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கும் சனா உணவகத்தில் இடம் பதிவு செய்து போய் வாருங்கள், அதற்குப் பார்க் டிக்கெட் தேவையில்லை. நான் ரொட்டியும் பலவகைச் சட்னிகளும் கிடைக்கும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும், அப்பா அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். வீடு பிடிக்கும்போது தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல வீடுகளில் படுக்கையறைகள் பெரும்பாலும் மாடியில்தான்.