மானுக்கு டிக்கெட் யார் எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருகோணமலையிலிருந்து சீனன்குடா, தம்பலகாமம் வரைக்கும் காலையும் மாலையும் ஒரு சின்ன ரயிலை ஓட விட்டால் என்ன என்றுதான் கேட்டிருந்தேன். டொரொண்டோவில் இருக்கும் ஒரு அண்ணன், "திருமலைக்கு லைட் ரெயிலா? மானுக்கு டிக்கெட் யார் எடுப்பது?" என்று எழுதிவிட்டுப் போனார். ஊரே சிரித்தது. என் சொந்த மைத்துனர் உட்பட.

நகரத்துக்குள் மான் திரிவது உண்மைதான், மறுக்கவில்லை. அவற்றை யாரும் நிரம்பி வழியும் பஸ்ஸின் மிதிபலகையில் ஏறச் சொல்வதும் இல்லை.

லைட் ரெயில், அதாவது நகரத்துக்குள் புதிதாகத் தனிப் பாதை போட்டு ஓட்டும் இலகு ரயில் என்ற சொல்லையே நான் எழுதவில்லை. அதைக் கொண்டு வந்தவர் அந்த அண்ணன். நான் சொன்னது ஒன்றுதான்: தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. கல்லோயாவிலிருந்து கந்தளாய் வழியாக 1927 இல் போட்ட பாதை. நூறு வருடம் ஆகப்போகிறது. கொழும்பு போகிற இரவு ரயிலையும் வேறு சிலதையும் விட்டால், மீதி நேரம் முழுவதும் அது வெயில் காய்ந்துகொண்டு கிடக்கிறது. காணி எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு ஒட்டி ரயில் பஸ் என்று ஓட்டிய நாடுதானே இது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 இல் அம்மாவைக் கோலாலம்பூருக்கு அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் தங்கினோம். அங்கே கிளானா ஜெயா பாதையில் ஓடும் ரயிலுக்குச் சாரதி கிடையாது. முன்கண்ணாடி வழியாகப் பாதை அப்படியே தெரியும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கே பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றதும் கோணேசரைக் கூப்பிட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தவர், மஸ்ஜித் ஜமேக் வரும்வரை விடவில்லை. மூன்றாம் நாள் முதல் எனக்கு முன்னே போய் நிற்கிறார்! முழங்கால் வலிக்காரி. லிஃப்டில் மேலே போனால் மேடையும் ரயிலின் தரையும் ஒரே மட்டம். காலைத் தூக்கவே வேண்டாம். ஒன்றை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது. ஆறு கிழமையும் அம்மா யாரிடமும் "என்னைக் கொண்டுபோய் விடு" என்று கேட்கவில்லை.

அதே அம்மா இங்கே சீனன்குடாவிலிருந்து கிளினிக்குக்குப் போக விடியற்காலையிலேயே வீதிக்கு வந்து நிற்கிறார். போன மாதம் வந்த பஸ்ஸில், படியில் ஏறத் தாமதம் என்று நடத்துனர் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டார். கிழவிகளை ஏன் தனியாக அனுப்புகிறார்கள் என்று கேட்டாராம். அம்மா இதை எனக்குச் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு மாமிதான் சொன்னார்.

சரி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ஒருவர் சொல்கிறார், கொழும்பிலேயே முடியாதது இங்கே எப்படி முடியும் என்று. ஐயா, கொழும்பில் முடியாமல் போகவில்லை, நிறுத்தினார்கள். அங்கே போட இருந்த இலகு ரயில் மாலபேயிலிருந்து கோட்டை வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2019 இல் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் ஆனது. வட்டி 0.1 வீதம், நாற்பது வருடத்தில் கட்டினால் போதும். 2020 இல் செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். இரண்டு வருடத்தில் நாடு எந்த நிலைக்குப் போனது என்பது பெற்றோல் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் நின்ற ஒருவர்கூட ரயிலைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்.

இன்னொருவர், ஆட்டோக்காரர் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்கிறார். என் சித்தப்பாவே ஆட்டோ ஓட்டித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ரயில் வந்தால் நிலையத்து வாசலில் அவருக்குத்தான் ஓட்டம் கூடும். இதை விடுங்கள்.

சனத்தொகை போதாது என்று ஒருவர் கணக்கோடு வந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகரம் சின்னதுதான். அத்தோடு என் ரயில் கிண்ணியாவுக்கும் போகாது, மூதூருக்கும் போகாது, நிலாவெளிக்கும் போகாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்களே, எண்ணெய்க் குதங்களுக்காக ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போடுகிறீர்களே, அப்போது மட்டும் திருகோணமலை பெரிய ஊராகிவிடுகிறதா? இப்போது சொல்கிறேன், இலகு ரயிலே கேட்கிறேன். நிலாவெளி வரைக்கும் கேட்கிறேன். கேட்டால் என்ன?

டொரொண்டோ அண்ணனுக்கு ஒன்று. நீங்கள் அங்கே தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போகிறீர்கள், நீங்களே படம் போடுகிறீர்கள். ஆடி மாதம் இங்கே வந்தால் கட்டுநாயக்காவிலிருந்து குளிரூட்டிய வானில் வந்து இறங்குகிறீர்கள். போன தடவை அம்மாவின் கையால் நண்டுக்கறி சாப்பிட்டீர்கள். அந்தக் கையைப் பிடித்துத்தான் வியாழக்கிழமை நான் மறுபடி பஸ்ஸில் ஏற்றப்போகிறேன். ஆட்டோ வேண்டாமாம், காசு வீணாம். பிடிவாதக்காரி.