கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாதா?

"சர்க்கரை நோயாளிகள் வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டி போட்டு எத்தனை காபி வேண்டுமானாலும் குடிக்கலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பதநீரைக் காய்ச்சி எடுப்பதுதான் கருப்பட்டி. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். குடலுக்குள் போனதும் இரண்டுமே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து ரத்தத்தில் கலக்கின்றன. 10 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 40 கலோரி. கருப்பட்டியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இனிப்பு போதவில்லை என்று இன்னொரு துண்டைத் தட்டிப் போட்டால், கணக்கு அதற்கும் மேலே போய்விடும்.

இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். சரி, கொஞ்சம் இருக்கிறதுதான். ஆனால் ஒரு டம்ளர் காபியில் கரைகிற அளவுக்கு அது பெயருக்குத்தான். முருங்கைக்கீரையும் பயறும் சாப்பிடுங்கள். அப்புறம், கடையில் விற்கும் கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையே கலந்திருப்பதும் உண்டு.

நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். கருப்பட்டியை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.