அண்ணாமலைச் செட்டியார் துணைவேந்தராக இருந்ததில்லை
அண்ணாமலைச் செட்டியார் காசு கொடுத்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலியை வாங்கிக்கொண்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த அவர் நம் இலங்கை, பர்மா என்று வட்டித்தொழிலை விரித்தவர், சரி. ஆனால் 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது துணைவேந்தரானவர் எஸ். இ. ரங்கநாதன். 1935இல் அடுத்து வந்தவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. வேந்தர், மதராஸ் ஆளுநர். செட்டியார் நிறுவனர், வேந்தருக்கு அடுத்த நிலையிலுள்ள இணைவேந்தர், அவ்வளவுதான். அந்தப் பதவிக்குச் செல்வாக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் தமிழ்நாட்டு அரசு பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்கும்வரை அந்த இணைவேந்தர் பதவி அவர் குடும்பத்திடமே இருந்தது. அதை யாரும் தாராளமாக விமர்சிக்கலாம்.

நாற்காலிக்காகக் கொடுத்த காசு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1920இலேயே சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, பிறகு அதையும் 20 லட்சம் ரூபாயையும் பல்கலைக்கழகத்துக்கென்றே கொடுத்தவர் அவர். அந்தக் காலத்து 20 லட்சம்! அப்புறம் இன்னொன்று, அந்தப் பல்கலைக்கழகத்தோடு நமக்கும் தொடர்பு உண்டு: 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் போனவர் நம் மட்டக்களப்பு விபுலாநந்த அடிகள். அவரே 1943இல் இங்கே கொழும்பில், இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் முதல் பேராசிரியரானார்.