ஏமாந்துபோனார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்

2003 இராக் போர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக உளவுத்துறை தப்பான தகவல் கொடுத்துவிட்டது, அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும் அதை நம்பிவிட்டார்கள்." கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. உண்மை தெரிய வழியே இல்லாதவனைத்தான் ஏமாந்தவன் என்று சொல்ல முடியும். இங்கே உண்மை, முதல் குண்டு விழுவதற்கு முன்பே ஐநா பாதுகாப்புச் சபையில் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

ஆப்பிரிக்க நாடான நைஜர், இராக்குக்கு யுரேனியம் விற்க ஒப்புக்கொண்டதாகக் காட்டிய கடிதங்களையே பாருங்கள். இராக் அதிபர் சதாம் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றதாக பிரிட்டன் கண்டறிந்திருக்கிறது என்று 2003 ஜனவரி 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் புஷ் பேசினார். அது சம்பந்தமான காகிதங்கள் ஒருவழியாக சர்வதேச அணுசக்தி முகமையின் கைக்கு வந்தன. பார்த்தால், 2000 அக்டோபர் தேதி போட்ட கடிதத்தில் 1989லேயே பதவியை விட்டுப் போன வெளியுறவு அமைச்சரின் கையெழுத்து! (போலி செய்கிறவனுக்கும் கொஞ்சம் சிரத்தை வேண்டாமா?) மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் எல்பரதேய் பாதுகாப்புச் சபையிலேயே இவை உண்மையான ஆவணங்கள் அல்ல என்று சொல்லிவிட்டார். போர் தொடங்கியது மார்ச் 20. நடுவில் 13 நாள் இருந்தது. "கொஞ்சம் பொறுங்கள், மறுபடி பார்ப்போம்" என்று வாஷிங்டனில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த அலுமினியக் குழாய்கள். அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் கருவிகளுக்காக இராக் வாங்கியது என்றது சிஐஏ. அந்தக் கருவிகளைப் பற்றி அமெரிக்காவில் யாருக்கு அதிகம் தெரியும்? எரிசக்தித் துறையின் விஞ்ஞானிகளுக்கு. குழாயின் சுவர் கனம் அதிகம், அளவுகளெல்லாம் இராக் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த 81 மில்லிமீட்டர் ராக்கெட்டோடு ஒத்துப்போகின்றன, இவை ராக்கெட் செய்வதற்குத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் 2002 செப்டம்பரில் புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இவை அணு ஆயுத வேலைக்கு மட்டுமே பொருந்துகிறவை என்றார். சான்று அணுகுண்டு வெடித்த காளான் மேகமாக வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்றும் பயமுறுத்தினார். தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்காமல், தனக்கு வேண்டியதைச் சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் ஏமாறுவதா?

நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்களின் கதை இதைவிட மோசம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்புச் சபையில், ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமிக்கு உதாரணமாகச் சின்னக் குப்பியைக் காட்டிப் பேசிய அதே உரையில் வந்தது அது. சொன்னவர் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஒரு இராக்கியர். தான் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று 2011ல் அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, இதையெல்லாம் விடுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உண்மையான கவலை என்றால், அதைத் தேடிப் பார்க்க ஆட்கள் அங்கேயே இருந்தார்களே? ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐநா ஆயுதச் சோதனைக் குழு 2002 நவம்பர் கடைசியில் இறங்கி, ஏறத்தாழ 500 இடங்களில் 700 சோதனைகள் நடத்தியிருந்தது. பெரிய ஆயுதக் கிடங்கு எதுவும் சிக்கவில்லை. வேலையை முடிக்க வருடங்கள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் தேவை என்று அவர் கேட்டார். கொடுக்கவில்லை. குழுவை வெளியேறச் சொல்லிவிட்டு குண்டு போட்டார்கள். சந்தேகம் தீரக்கூடாது என்பவன்தான் சோதனையைப் பாதியில் நிறுத்துவான்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2002 ஜூலை 23 அன்று பிளேரின் இல்லத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பு பின்னாளில் கசிந்தது. வாஷிங்டன் போய்த் திரும்பிய பிரிட்டிஷ் உளவுத் தலைவர், முடிவு முதலில், அதற்கு ஏற்றபடிதான் தகவல்கள் அமைக்கப்படுகின்றன என்று சொன்னதாக அதில் இருக்கிறது. போருக்கு எட்டு மாதம் முன்பு!

இந்த இடத்தில் "அப்போ சதாம் நல்லவரா?" என்று கேட்பார்கள். இல்லை, கொடுங்கோலன். 1988ல் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றவர். ஆனால் அந்தக் காலத்தில் ஈரானுக்கு எதிராக அவர் பக்கம் சாய்ந்திருந்தது இதே அமெரிக்கா. 1983ல் ரீகனின் தூதராகப் போய் அவர் கையைக் குலுக்கியவர் ரம்ஸ்ஃபெல்ட். 2003ல் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சரும் அவரே. கொடுங்கோன்மையை முதன்மைக் காரணமாக முன்னால் வைத்தது, ஆயுதம் கிடைக்காமல் போன பிறகுதான்.

இவ்வளவுக்கும் யார் மேல் வழக்கு வந்தது தெரியுமா? ஐநா உறுப்பு நாடுகளின் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவும்படி அமெரிக்காவிலிருந்து வந்த மின்னஞ்சலை வெளியே கொடுத்த பிரிட்டிஷ் மொழிபெயர்ப்பாளர் கேத்தரின் கன் மேல். போர் சட்டப்படி சரியா என்று அரசு வழக்கறிஞர் கொடுத்த ஆலோசனையைக் காட்டுங்கள் என்று அவர் தரப்பு கேட்டது. 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சாட்சியம் எதுவும் முன்வைக்காமல் வழக்கைக் கைவிட்டது.