பிச்சிப்பூவும் 1,499 ரூபாய் டிக்கெட்டும்

சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. நான், மனைவி, குமரி மாவட்டக் குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் மச்சினன் என்று மூன்று பேரும் போவதாக ஏற்பாடு. அறிவிப்பு வந்த வாரத்தில் டிக்கெட் 799 ரூபாய். நாங்கள் இருவரும் உடனே எடுத்துவிட்டோம். "கூலி கைக்கு வரட்டும் அத்தான், நான் பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்றான் அவன்.

பிறகு பிடித்தது மழை. ரப்பர் மரத்தில் வழியும் தண்ணீர் சிரட்டைக்குள் விழுந்தால் பால் வீண். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. நீயே எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன், ரோசக்காரன், ஒப்பவில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு கையில் காசோடு வந்து செல்பேசியைத் திறந்தான். 1,499 ரூபாய். அதன் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம், இந்த விலையும் இன்னும் 4 மணி நேரம்தான் என்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவன், செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

விலை ஏறுவது நமக்குப் புதிதல்ல. ஓணம் நெருங்கினால் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெயில் ஏறியும் கூடையில் பூ மிஞ்சினால் வியாபாரி விலையைக் குறைத்துத்தான் தள்ளுவார். வாடினால் யாருக்கும் ஆகாது. நிகழ்ச்சி இருக்கையும் அப்படித்தான், முதல் பாட்டு முடிவதற்குள் வாடிவிடும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் மட்டும் வாட வாட விலையை ஏற்றுகிறார்கள்.

ரயில்வேக்குப் பரிந்து பேச வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் நெகிழ்வுக் கட்டணம் கொண்டுவந்தபோது நானும் திட்டினேன். அதிலாவது ஒரு கணக்கு இருந்தது: 10 சதவீத இடங்கள் விற்றுத் தீரத் தீர 10 சதவீதம் ஏறும், அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். இங்கே எத்தனை இருக்கை விற்றது என்று யாரும் சொல்வதில்லை. தேதி கிழியக் கிழிய விலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

அரங்குக்கும் ஒலி அமைப்புக்கும் முன்பணம் கட்ட வேண்டும், அதற்காக முதலில் வாங்குபவருக்குச் சலுகை தருகிறோம் என்கிறார்கள். நியாயம்தான், தரட்டும். கடைசி நேரத்தில் விமான டிக்கெட் எடுப்பவருக்குப் பெரும்பாலும் கம்பெனி காசு கொடுக்கும். அவரிடம் கூட்டி வாங்குவதிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. பாட்டுக் கேட்கக் கடைசியில் வருபவர் யார்? அடுத்த மாதச் சம்பளம் எவ்வளவு என்று இன்றே தெரிந்தவர் முந்திக்கொள்கிறார். மரமேறுபவரும் வள்ளத்தில் போகிறவரும் பால்வெட்டுபவரும் வானத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். மேற்குக் கடற்கரையின் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகில் இப்போதுதான் கடலுக்குப் போயிருக்கும் ஒருவரிடம் மூன்று மாதம் முன்பே ஏன் வாங்கவில்லை என்று எப்படிக் கேட்பது?

இருவரும் போனோம். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வரிசையில் நான்கு இருக்கைகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன. பக்கத்து இருக்கையில் மனைவி தன் கைப்பையை வைத்திருந்தாள்.